முதல் ஈத்துக் கன்றுகள் காய்த்துவிட்டன, அக்கா

என் ஜமீலா அக்காவுக்கு,

நீ போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை உனக்கு எழுதும்படியான செய்தி என்னிடம் இல்லை. இருந்ததையெல்லாம் எழுதி உன் நிம்மதியைக் கெடுக்க மனமும் இல்லை. இன்று இருக்கிறது. கடமலைக்குண்டு மலைச்சரிவில் நீ கொண்டுபோய்க் கொடுத்த இலவங் கன்றுகள் பதினொன்றும் மரமாகிக் காய்த்துத் தொங்குகின்றன. தாய்மரத்தின் அதே நீளக் காய், அதே வெண்மை. ஒன்றுகூட மாறவில்லை.

இதை உன் கபரின் அருகில் உட்கார்ந்து நான் மெல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்மேல் பழியை ஊரறியச் சுமத்தினார்கள். ஆகையால் பதிலையும் ஊரறியவே எழுதுகிறேன்.

1999-இல் நீ இந்த ஆய்வைத் தொடங்கியபோது உன் அலுவலகத்தில் சிரித்தார்கள் அல்லவா? விதை போட்டால் இலவம் தாயைப்போல வரும் என்று உறுதியில்லை. போத்து வெட்டி ஊன்றலாம். ஆனால் ஒரு மரத்தில் எத்தனை கிளையைத்தான் வெட்டுவது? நல்ல மரம் ஒன்றின் கொழுந்து நுனியை எடுத்துக் கண்ணாடிக் குப்பிக்குள் வளர்த்து, அதிலிருந்து நூறு நூறாய் அதே மரத்தை உண்டாக்கலாம் என்றாய். உன் அலுவலகத் தலைவர் உன்னை ‘இலவு காத்த கிளி’ என்று அழைக்கத் தொடங்கினார். அந்தக் கிளி ஏமாந்தது பழத்துக்குக் காத்ததால். நீ காத்தது பஞ்சுக்கு. இந்த வேற்றுமை அவருக்கு விளங்கவே இல்லை.

தாய்மரம் தேடி வருசநாட்டுப் பக்கமெல்லாம் அலைந்து, கடைசியில் கருப்பாயி அம்மாளின் சரிவில் கண்டுபிடித்தாய். கொழுந்து கிள்ள அவர் ஒரு நிபந்தனை போட்டதை வீட்டுக்கு வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னாய்.

“மாட்ட வளக்க வாரத்துக்கு விட்டா மொத ஈத்துக் கன்னு மாட்டுக்காரிக்கு. மரத்துக்கும் அதான் ஆத்தா நாயம். சரின்னா கிள்ளிக்க, இல்லைன்னா காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு.”

வேறு எந்த ஆய்வாளரும் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார். நீ குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தாய்: ‘முதல் ஈத்து, கருப்பாயிக்கு.’

அதன்பின் குப்பிகளில் பூசணம் பிடித்தது. கொழுந்து கறுத்துச் செத்தது. மறுபடி கிள்ளினாய், மறுபடி கறுத்தது. மூன்றாவது ஆண்டில்தான் முதல் தொகுதி வேர் விட்டது. குப்பிக்குள்ளேயே வளர்ந்த செடிக்கு வெளிக்காற்று தெரியாது. நிழல்வலைக்குள் வைத்து, ஈரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்துப் பல வாரம் பழக்கினால்தான் மண்ணில் நிற்கும் என்பாய். அப்படிப் பழக்கித் தேறிய பன்னிரண்டு கன்றுகளைத் தேனியிலிருந்து பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கருப்பாயி அம்மாளிடம் சேர்த்தாய். வாக்கு வாக்குதான். அலுவலகக் கணக்கில் அவை இல்லை. உன் குறிப்பேட்டில் மட்டும் இருந்தன.

இரண்டாம் தொகுதி குப்பியில் இருந்தபோது நம்மைப் பெற்ற அத்தாவுக்கு மதுரையில் கண் அறுவை. தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் என்னால் போக முடியவில்லை. உன்னைப் போகச் சொன்னேன். நீ இல்லாத அந்த நான்கு நாளில் ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று, புகைப்படத்துக்காக, உன் தலைவர் அத்தனை குப்பிகளையும் உடைத்துச் செடிகளை நேரே வெயிலில் நடச் செய்தார். நீ திரும்பியபோது பாத்தி முழுவதும் கருகிக் கிடந்தது. நான் போயிருந்தால், அக்கா? இந்தக் கேள்வியை நீ என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அதனால்தான் அது என்னை விடவில்லை.

‘குப்பிச் செடி மண்ணுக்கு ஆகாது, ஆய்வாளரின் கவனக்குறைவு’ என்று தலைவர் அறிக்கை எழுதினார். திட்டத்தை மூடினார்கள். உன்னைக் கோப்பு பார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். நீ சாகும்வரை அந்த ஒரு வரி உன் பெயருக்குப் பின்னால் நின்றது. கடைசி நாட்களில்கூட நீ கேட்டது அந்த வரியை யாராவது திருத்துவார்களா என்பதைத்தான்.

சென்ற மாதம் கடமலைக்குண்டில் விவசாயிகள் கூட்டம். ஓய்வுபெற்ற உன் தலைவர் சிறப்பு விருந்தினர். சரிவில் காய்த்திருக்கும் மரங்களைக் காட்டி, இவை தம் திட்டத்தின் வெற்றி என்று பேசினார். நான் பின்வரிசையில் உன் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எழ இருந்தேன். எனக்கு முன்னால் கருப்பாயி அம்மாள் எழுந்துவிட்டார்.

“அய்யா, ஒங்க திட்டம்னா சரி. மொத ஈத்து யாரு வீட்டுக்குப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

உன் பழைய தலைவர் சிரித்தார். மாட்டைப் பற்றிப் பேசத் தான் வரவில்லை என்றார்.

கூட்டமே சிரித்தது, அக்கா. அவரோடு சேர்ந்து அல்ல, அவரைப் பார்த்து; அந்தக் கன்றுக் கணக்கு ஊருக்கே தெரியும். கருப்பாயி அம்மாள் திரும்பி எல்லாருக்குமாகச் சொன்னார்: “பன்னெண்டு கன்னு. ஜமீலாம்மா மடியில வச்சுக் கொண்டாந்தாக. ஒண்ண ஆடு கடிச்சிருச்சு, மிச்சம் அங்கன நிக்கிது. இவுக அன்னைக்கும் வரல, அதுக்குப் பெறகும் வரல.”

நான் மேடைக்குப் போய்க் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்தேன். இப்போதைய தலைவர் ஒரு பெண். அதே மேடையில் இருந்தவர். உட்கார்ந்து முழுவதும் படித்தார். மறுவாரமே சரிவுக்குப் போய் மரம் மரமாகப் பார்த்தார். பழைய அறிக்கை திருத்தப்பட்டுவிட்டது. பழக்காமல் நட்டதே அழிவுக்குக் காரணம் என்றும், முறை சரியானது என்றும், அதைக் கண்டுபிடித்தவள் நீ என்றும் கையெழுத்தோடு இருக்கிறது. உன் முறையில் மறுபடி குப்பிகள் நிரம்புகின்றன. அனுமந்தன்பட்டியிலிருந்துகூடக் கன்று கேட்டு வந்திருக்கிறார்கள்.

அந்த முன்னாள் தலைவர் என்னிடம் தொலைபேசியில் பேசினார். வயதாகிவிட்டது, பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். உனக்கு அந்த வயது வாய்க்கவில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். என் குரல் உயரவில்லை. மன்னிப்பு என்னிடம் இருக்கும் பொருள் அல்ல. அது உன்னுடையது, நீ கொண்டுபோய்விட்டாய்.

உன் குறிப்பேட்டை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்க நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். எவர் மரத்தில் கொழுந்து கிள்ளினாலும், முதலில் தேறும் கன்றுகள் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு தொகுதிக்கும் போய் நின்று, முதல் கன்று யார் மடியில் ஏறுகிறது என்று பார்ப்பேன். இது என் வாக்கு.

அன்று மதுரைக்குப் போகாதவன், இனி எந்த நாளும் தவறாமல் போகப்போகிற
உன் தம்பி,
காதர்
உத்தமபாளையம், 2010