கறுப்புக் கட்டமும் மஞ்சள் மூலையும்

என் செல்ல அக்காவுக்கு,

அங்கே முந்திரிப் பருப்பு கிடைக்கிறதா? கிடைத்தாலும் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "நமுத்துப் போச்சு" என்றுதான் சொல்லியிருப்பாய். உன் வாய் லேசுப்பட்டதா?

உன் கம்ப்யூட்டர் சுகம். ஜெயங்கொண்டத்து வீட்டுக் கூடத்தில் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. தூசி படாமல் உன் பழைய சேலையைப் போர்த்தி வைத்திருக்கிறேன். பிரிண்டர்தான் இன்னும் அடம்பிடிக்கிறது. நீ தட்டும் பக்கத்திலேயே தட்டினால் வழிக்கு வருகிறது.

அதை வாங்கி வந்த புதிது ஞாபகம் இருக்கிறதா? அதுவரை வெளியூர் வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பும் முந்திரிப் பார்சலைக் காடாத்துணியில் தைத்து, ஒவ்வொன்றிலும் அட்ரஸ் எழுதிக் கை ஓய்ந்துபோவோம். இனி எல்லாம் வீட்டிலேயே அச்சடித்த லேபிள்தான் என்று அறிவித்தாய். கம்ப்யூட்டர் வகுப்பில் கட்டம் போடக் கற்றுக்கொண்ட ஜோர் உனக்கு. பெறுநர், அனுப்புநர் எல்லாம் அடித்து, சுற்றிலும் விரற்கடை அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு கட்டம் போட்டாய். லட்சணமாகத்தான் இருந்தது. மைதாப் பசை தடவி நான் ஒட்டினேன். கறுப்புக் கட்டம் போட்டு வரும் தபால் சாவுச் சேதி என்பது ஊருக்கே தெரியும், நம் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை பார்.

அந்த வாரம் முழுக்கப் போன். எல்லாரும் குரலைத் தாழ்த்தி, யார் தவறிப்போனது என்று கேட்டார்கள். சிலர் பார்சலை வீட்டுக்குள்ளேயே எடுக்கவில்லையாம். நம் வாடிக்கைக்காரர் கும்பகோணம் வாத்தியார் ஒரு படி மேலே போய், ரோஜா மாலையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். கதவைத் திறந்தது நீ. உனக்கென்று கொண்டுவந்த மாலையை மனுஷன் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார்.

"மாலைய இப்புடிக் குடுங்க சார், வாடிடப் போவுது. உள்ள வந்து காப்பி சாப்புடுங்க" என்றாய். வாங்கிய மாலையைப் பிரிண்டருக்குப் போட்டாய். சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் கட்டத்தை எடுத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல் லேபிளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவ ஆரம்பித்தாய். "நானே போனாலும் கறுப்புக் கட்டம் போட்டுடாதடி. மஞ்சத் தடவியே அனுப்பு" என்று சிரித்தாய். போன ஆனியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவ்வளவு என்ன அவசரம் உனக்கு?

இந்தத் தீபாவளிக்குப் பார்சலே வேண்டாம் என்றார் பெரியண்ணன். துக்க வீட்டிலிருந்து மஞ்சள் தடவிப் பண்டம் போகலாமா, வருஷம் கழியட்டும் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு தீபாவளியை விட்டால் வாடிக்கை வேறு கடைக்குப் போய்விடும், நீ பாடுபட்டு வளர்த்த தொழில் அதோடு சரி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அவ சொன்னத அவளுக்கே செய்யலன்னா எப்புடிண்ணே?" என்று கேட்டுவிட்டேன். அவர் உள்ளே போய் மஞ்சளைக் குழைத்து எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தார்.

அனுப்புநர் இடத்தில் உன் பெயரை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படியே அச்சடித்து அனுப்பினேன்.

தீபாவளி முடிந்ததும் கும்பகோணம் வாத்தியார் வாசலில் வந்து நின்றார். இந்த முறை மாலை இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா தவறிட்டதா யாரோ சொன்னாங்கம்மா, நானும் நம்பிட்டேன். பார்த்தா அவங்க பேர்லயே மஞ்சத் தடவிப் பார்சல் வருது. இந்தத் தடவையும் அந்தக் கதைதானே? எங்க அவங்க?"

நான் சுவரில் உன் படத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம் அக்கா. அப்புறம் பிரிண்டருக்கு மாலை போட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். காப்பி குடித்துவிட்டு, பொங்கலுக்கு இரண்டு கிலோ அனுப்பச் சொன்னார். செருப்பை மாட்டும்போது, "பேர மட்டும் மாத்திடாதம்மா" என்றார்.

மாற்ற மாட்டேன். இந்த வீட்டிலிருந்து பார்சல் போகும்வரை உன் பெயரில்தான் போகும், மஞ்சளோடுதான் போகும். சத்தியம்.

விரலில் மஞ்சள் போகாத
உன் தங்கச்சி