ராணியின் ஊசி அட்டை

அக்கா,

இன்று காலை ராணிக்கு வருஷ ஊசி. பேத்தியின் காரில் ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனில் இருக்கும் நாய் டாக்டரிடம் போனோம். உன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அதே பிளாஸ்டிக் பையோடுதான் போனேன். பிரித்தால் இன்னமும் உன் தைல வாசம்.

மேசையில் இருந்த பெண் அட்டையைப் புரட்டிவிட்டு, "பாட்டி, நாய்க்குச் சொந்தக்காரங்கன்னு வேற யாரு பேரோ இருக்கு. மாத்திடலாம்லா?" என்றாள்.

"அவங்க செத்துட்டாங்க. நாய் அவங்களுதுதான். பேரு அப்படியே இருக்கட்டும்," என்றேன்.

எனக்கு மூட்டுதான் போச்சு, ஞாபகம் போகவில்லை. தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு பெட்டை போட்ட குட்டிகளில் நீ ஒன்று எடுத்தாய், நான் ஒன்று எடுத்தேன். உன்னுடையது ராணி, என்னுடையது மணி. கொழுந்துக் கூடையில் பழைய சட்டையை விரித்து நாம்தான் இரண்டையும் தூக்கி வந்தோம். வழி முழுக்க மணி என் விரலைச் சப்பிக்கொண்டே வந்தான்.

அப்புறம் அந்த வேன் வந்தது. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மாமரத்தடியில் நின்றது. முன்பெல்லாம் தெருநாய்களைச் சுட வருகிறவர்களின் லோரி நிற்கிற அதே இடம். லயத்து வீடுகளில் எல்லாரும் நாய்களை ஒளித்தார்கள். நான் மணியைக் கோழிக்கூண்டில் தள்ளி மேலே சாக்கைப் போட்டேன்.

நீ மட்டும் ராணியை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாய். திரும்பி வந்து என் கதவைத் தட்டினாய்.

"ஏண்டி செல்லம், குட்டியக் கொண்டா. வியாதி வராம ஊசி போடுறாங்கடி."

"முன்ன சுட்டானுங்க, இப்ப ஊசி போட்டுக் கொல்றானுங்க. உனக்கு வேணும்னா போட்டுக்க."

"அட மடச்சி, என் குட்டி இங்க நிக்குது பாரு, செத்தா போச்சு?"

"நாளைக்குச் சாவும்."

அப்படித்தான் சொன்னேன், மறைக்கவில்லை. மறுநாள் ராணி உன் வாசலில் செருப்பைக் கடித்துக்கொண்டு நின்றது. மூன்று வாரம் கழித்து வேன் இரண்டாம் ஊசிக்கு வந்தபோது, அது கொல்ல வந்த வேன் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீ மறுபடியும் கூப்பிட்டாய். 'மடச்சி' என்று சொன்னாயே, அந்த ரோஷத்தில் போகவில்லை.

அடுத்த மாதம் லயத்துக் குட்டிகளுக்கு வாந்தி, ரத்தபேதி. மணி இரண்டே நாள்தான் தாங்கினான். கஞ்சித் தண்ணீர் ஊற்றினேன், மஞ்சள் கரைத்துக் கொடுத்தேன், எதுவும் உள்ளே நிற்கவில்லை. கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டுக் கை கழுவப் பைப்படிக்கு வந்தேன். அங்கே ஏழு பேர் நின்றார்கள், யார் யாரென்று இப்போதும் சொல்வேன். அத்தனை பேருக்கும் முன்னால் நீ சொன்னாய்:

"ஒரு ஊசிக்குப் பயந்து அதைக் கொன்னுட்டியேடி."

அன்றைக்கு நிறுத்திய பேச்சு. ஆறு வருஷம். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. வேலை முடிந்து வந்ததும் ராணியை மடியில் போட்டு, காதுக்குள்ளே, விரல் இடுக்கில் எல்லாம் உண்ணி தேடுவாய். எடுத்ததை மண்ணெண்ணெய் டின்னில் போடுவாய். என் காதில் விழட்டும் என்று, "இது இருந்தா ரத்தமே கெட்டுப் போயிரும்லா," என்று நாயிடம் சத்தமாகச் சொல்வாய். நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

உன் காரியம் முடிந்ததும் உன் பிள்ளைகள் ராணியின் அட்டைப் பையை வாசலில் வைத்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய அடுக்குமாடியில் நாய் வைக்கக்கூடாதாம். ராணி உன் பூட்டிய கதவுக்கு முன்னால் மூன்று நாள் படுத்திருந்தது. நான்காம் நாள் சோற்றுத் தட்டோடு போய் நான்தான் கூப்பிட்டேன். அதுவும் என்னைப் போலத்தான், உடனே வரவில்லை.

இன்றைக்கு அந்தப் பெண் அட்டையில் முத்திரை குத்தும்போது, பின்னால் ஒட்டியிருந்த இன்னொரு அட்டையைப் பிரித்தாள்.

"பாட்டி, இது வேற நாயோடது. பேரு மணி. சொந்தக்காரங்க செல்லம்மா. ராணிக்கு முதல் ஊசி போட்ட அதே தேதியில எழுதியிருக்கு. ஆனா ஊசி ஒண்ணுகூடப் போடலையே? தூக்கிப் போட்டுறவா?"

"கை வைக்காத," என்றேன். பேத்தி பயந்து என்னைப் பார்த்தாள்.

என் கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே மணிக்கு அட்டை எழுதி வாங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறாய். இதை அன்றைக்கே சொல்வதற்கு என்ன? சொல்லியிருந்தால் நான் கூண்டைத் திறந்திருப்பேனா என்று வழி முழுக்க யோசித்தேன். திறந்திருக்க மாட்டேன் அக்கா.

பைப்படியில் நீ சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதை நான் விடப்போவதும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு அட்டைகளையும் பையில் போட்டு என் கதவு ஆணியில் மாட்டினேன். அப்புறம் படியில் உட்கார்ந்து, ராணியின் விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்தேன். முன்கால் இரண்டும் சுத்தம். பின்காலில் ஒன்று இருந்தது, எடுத்துவிட்டேன்.