சாத்திப் பார்க்காத கதவு

அண்ணே,

உங்கள் வெள்ளைக் காரிலிருந்து வெட்டியெடுத்த ஒயர் துண்டு ஒன்று என் சட்டைப் பையில் கிடக்கிறது. விரல் நீளம்கூட இல்லை. இன்று காலை அண்ணி ஒரு டிரைவரை வைத்து வண்டியை என் மெக்கானிக் கடைக்குக் கொண்டுவந்தார். விற்கப்போகிறாராம், அதற்கு முன்னால் இடப்பக்கக் கதவில் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியைச் சரிபண்ணித் தரச் சொன்னார்.

அந்தக் கண்ணாடி எனக்குத் தெரியாததா? சுவிட்சை அமுக்கினால் திரும்பமாட்டேன் என்கிறது என்று மூன்று தரம் வந்தீர்கள். நெய்வேலி மெக்கானிக்குகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எது கெட்டாலும் அனல்மின் நிலையத்துச் சாம்பல்மேல் பழியைப் போட்டுவிடலாம். "சாம்பல் அடைச்சிக்கினு இருக்குண்ணே" என்றேன். கதவைத் திறந்துவைத்து ஊதித் துடைத்து சுவிட்சை அமுக்கினேன். கண்ணாடி ஜோராகத் திரும்பியது.

மூன்றாம் தரம் சொன்னீர்கள்: "தம்பி, கதவத் தொறந்தா வேல செய்யுது, சாத்தினா செத்துப்பூடுது. கதவு தொறந்திருக்கா சாத்தியிருக்கான்னு சாம்பலுக்கு எப்பிடித் தெரியும்?"

கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். சுரங்கத்தில் நிலக்கரி பெல்ட் ஓட்டுகிறவர் எனக்கு எலெக்ட்ரிக் வேலை சொல்லித்தருவதா என்ற மிதப்பு. கண்ணாடியைத் திருப்புகிற மோட்டாரே போய்விட்டது என்று அடித்துச் சொல்லி, கதவைப் பிரித்துப்போட்டு வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் வளையமாதேவிப் பக்கம் உங்கள் மாமியார் வீட்டைச் சுரங்கத்துக்காகக் காலிசெய்யும் நாள் வந்தது. "முன்சீட்டுல ஒக்கார வச்சி இட்டுக்கினு வரணும் தம்பி. வூட்ட வுட்டுட்டு வர்றவங்க, கௌரவமாவாவது வரட்டும்" என்றீர்கள். மோட்டார் இன்னும் வரவில்லை என்று கையை விரித்தேன். அவர் லோடு ஆட்டோவில், அண்டா குண்டானுக்கு நடுவே உட்கார்ந்து வந்து இறங்கினார்.

புது மோட்டார் போட்ட பிறகு நீங்கள் அந்தக் கண்ணாடியைப் பற்றிப் பேசவேயில்லை. சரியாகிவிட்டது என்றுதான், போன வருஷம் உங்கள் சாவுக்கு வந்தபோதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று அண்ணி முட்டிவலியோடு முன்சீட்டில் உட்கார்ந்து, புழுதிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார். சுவிட்சை அமுக்கினேன். அசைவில்லை. கதவைத் திறக்கச் சொன்னேன். திரும்பியது. கதவுக்கும் வண்டிக்கும் நடுவே ஒயர்கள் போகிற ரப்பர் குழாயை உருவிப் பார்த்தேன். ஒரு ஒயர், மேல்தோல் முழுசாக இருக்க, உள்ளே அறுந்திருந்தது. கதவு திறந்தால் முனைகள் தொட்டுக்கொள்ளும், சாத்தினால் விலகிவிடும். நீங்கள் சொன்னதேதான். கால்மணி நேர வேலை, அண்ணே.

"என்னா தம்பி கோளாறு?" என்றார் அண்ணி.

"சாம்பல்தான் அண்ணி."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அவரும் அப்பவே சொன்னாரு, தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

நாளைக்கு இந்தத் துண்டை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போகிறேன். அண்ணி திட்டினால் திட்டட்டும். நீங்கள் ஒரு வார்த்தை திட்டாமல் போனீர்களே, அதைத்தான் தாங்கமுடியவில்லை.