மாதாம் நின்ற இடம்

4-6-2007, திங்கள்

நேற்று கொள்ளு ஊறப்போட மறந்துபோனேன். காலையில் லாயத்துக்குப் போனால் மூன்று குதிரைகள் என் முகத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. மாதாம் மட்டும் திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். இந்தப் பண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்தது அவள் ஒருத்திதான். இந்த நான்கு குதிரைகளையும் எங்களிடம் விற்றுவிட்டுப் பாரீசுக்குப் போன வெள்ளைக்காரம்மாவை எங்கள் பிள்ளைச்சாவடி ஊரே மாதாம் என்றுதான் கூப்பிடும். அவர் போனதும் பெயர் குதிரைக்கு வந்துவிட்டது. குணம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

எங்களிடம் வேலை செய்கிற ரமீஜா வந்து பார்த்துவிட்டு, கொள்ளுக்குப் பதிலாகத் தவிட்டைப் பிசைந்து வைத்தாள். பிறகு மாதாம் மேல் ஏறி, சுல்தான், பிஸ்கட், கருப்பன் மூன்றும் பின்னால் வர, கடலுக்குக் குளிப்பாட்டப் போனாள். மாதாம் முன்னால் நடந்தால்தான் மற்ற மூன்றும் நடக்கும். திரும்பி வர இன்றைக்கும் தாமதம். ஏண்டி என்றால், மாதாம் மெதுவாக நடக்கிறாளாம். ஓட விட்டால் காற்றாய்ப் போகிற குதிரை, வீடு திரும்பும்போது மட்டும் எப்படித்தான் மெதுவாக நடக்குமோ!

7-6-2007, வியாழன்

ரமீஜா போகிறாள்.

அவள் வீட்டுக்காரர் ஆரிப் அரசாங்க ஆபீசில் கிளார்க். அவரை மாஹேக்கு மாற்றிவிட்டார்களாம். ஒரே அரசாங்கம், நாலு மூலையில் நாலு துண்டு ஊர். காரைக்காலாவது பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். மாஹே கேரளாவுக்குள் அல்லவா கிடக்கிறது!

"அங்கயும் கடல் இருக்காம்க்கா. சூரியன் காலைல அதுலேருந்து வராதாம், சாயந்திரம் வந்து அதுல முழுவுமாம்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சேணத்தில் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் 'போயிட்டு வா' என்று சொல்லவில்லை. கொள்ளு வேகிறதா பார் என்று அதட்டினேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

8-6-2007, வெள்ளி

இவரிடம் சொன்னேன். பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா, உடனே கரும்பலகையில் எழுதுகிற மாதிரி விளக்கினார். சனி ஞாயிறு குழந்தைகள் சவாரி வகுப்பில்தான் பண்ணை ஓடுகிறது. குழந்தைகள் கடற்கரைக்குப் போக, முன்னால் மாதாம் மேல் ஒருவர் உட்கார்ந்து போகவேண்டும். அது ரமீஜா. அவள் இல்லையென்றால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையென்றால் குதிரை இல்லை. மகாபலிபுரம் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கிறவர் ரொம்ப நாளாக நான்கையும் கேட்கிறார்.

"இல்லன்னா நீ ஏறணும், கலை" என்றார்.

சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று கேட்டேன்.

10-6-2007, ஞாயிறு

இரண்டு வருடமாகிறது நான் குதிரை ஏறி. அன்றைக்கு யாரோ கல்யாணத்துக்கு வெடித்த வெடி, சுல்தான் துள்ளியது, நான் சவுக்கு வேலியில். தோளெலும்பு முறிந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது இப்போது. துணி பிழிகிறேன், மாவாட்டுகிறேன். சேணத்தைப் பார்த்தால் மட்டும் வேறு வேலை தேடிப் போய்விடுகிறேன். பயம்தான். வேறென்ன பெயர் வைப்பது?

அதிலிருந்து கடற்கரைப் பக்கமே நான் போவதில்லை. லாயம், புல், மருந்து என்னுடையது. வெளியே போவதெல்லாம் ரமீஜா.

இன்று வகுப்பு முடிந்ததும் ரமீஜா மாதாமை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "ஏறுங்கக்கா." புடவையில் எப்படி ஏறுவது என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

11-6-2007, திங்கள்

அமாவாசை கிட்டே வருகிறது, இப்போது வேண்டாம் என்றேன்.

12-6-2007, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை எதையும் புதிதாய்த் தொடங்கக் கூடாது என்றேன். "அது புதுசு இல்லக்கா, பழசுதான். நீங்களும் பழசு, அவளும் பழசு" என்கிறாள். வாய் நீளம்!

17-6-2007, ஞாயிறு

ரிசார்ட்காரர் காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. மாதாமின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். மாதாம் பொறுமையாகக் காட்டினாள். பிறகு ஒரு தும்மல் தும்மினாளே பார்க்கவேண்டும், சட்டை முழுக்கத் தவிடு. கிருஷ்ணசாமி சாணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்று சிரித்தான். இந்த மனுசன் எங்களுக்குப் புல் அறுக்கிறான், லாயம் கூட்டுகிறான். ஏறச் சொன்னால் மட்டும் வேலையை விட்டே போய்விடுவேன் என்கிறான்.

ரிசார்ட்காரர் ஜூலை பதினைந்தாம் தேதி லாரியோடு வருவதாகச் சொல்லிப் போனார். வேண்டாமென்றால் அதற்குள் சொல்லவேண்டுமாம். இவர் என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட்டின் குளம்பைப் பார்த்தேன்.

போகும்போது அவர் பையன் கையிலிருந்த சிப்ஸைக் கருப்பனிடம் நீட்டினான். நான் பலகையைக் காட்டினேன்: 'குதிரைக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள்.' முன்பு எவனோ பஜ்ஜி கொடுத்து பிஸ்கட் வயிற்றுவலியில் உருண்ட அன்று நானே சிவப்பு பெயின்ட்டில் எழுதி மாட்டியது. அன்றைக்குப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தவளே ரமீஜாதான். "கரெக்டுக்கா, ரொம்ப ஸ்ட்ரிக்டா இருக்கணும்" என்றாள்.

22-6-2007, வெள்ளி

இன்று சேணத்தில் தொங்கும் அங்கவடியில் ஒரு கால் வைத்தேன். மாதாம் அசையவில்லை. ரமீஜா மூச்சு விடவில்லை. நான் காலை எடுத்துவிட்டேன்.

என்னால முடியல. முடியலன்னா முடியல, விடுங்களேன். ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?

ரமீஜா திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

28-6-2007, வியாழன்

போய்விட்டாள்.

காலையில் டிபன் கேரியர் நிறைய பிரியாணி கொண்டுவந்தாள். கிருஷ்ணசாமிக்குத் தனியாக ஒரு பொட்டலம். கடைசித் தடவையாகக் குதிரைகளைக் கடலுக்கு ஓட்டிப்போய் வழக்கம்போல் தாமதமாக வந்தாள். இன்று கேட்கவில்லை. ஒவ்வொரு குதிரையிடமும் போய்க் கழுத்தைத் தட்டினாள். மாதாம் காதில் மட்டும் என்னவோ நிறைய நேரம் பேசினாள். மாதாம் காதை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

பிறகு ஒரு காகிதப் பையை என் கையில் திணித்தாள். பிரித்தால், கெட்டித் துணியில் கால்சட்டை. அவளே தைத்தது. என் அளவு எப்படித் தெரியும்? மேலும் கீழும் பார்த்தாளே, அதான்.

"புடவைன்னு இனிமே சொல்ல முடியாதுக்கா" என்றாள். அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் ஏறிப்போன டிவிஎஸ் ஃபிப்டி முக்குத் திரும்புகிறவரை நின்றேன்.

30-6-2007, சனி

வகுப்பு இல்லை என்று அம்மாக்களுக்கெல்லாம் போன் செய்தேன். ஒரு குழந்தை பின்னாலிருந்து அழுவது கேட்டது.

வெயிலுக்கு நான்கும் குளித்தே ஆகவேண்டும். மாதாமைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன், மற்ற மூன்றும் பின்னால், கடைசியில் கிருஷ்ணசாமி. போகும்போது சமர்த்தாக வந்தாள். குளித்தாள். திரும்பும்போது தெருமுனையில் நாராயணசாமி டீக்கடை எதிரே நின்றுவிட்டாள். இழுத்தேன். கொஞ்சினேன். திட்டினேன். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறாள். பின்னால் மூன்றும் நிற்கின்றன. மீன்கூடைக்காரம்மாக்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். வெயில் சுட ஆரம்பித்த பிறகுதான் அவளாகப் பெருமூச்சு விட்டுவிட்டு நடந்தாள்.

2-7-2007, திங்கள்

அதே இடம். அதே நிற்றல். டீக்கடை பக்கம் தலையைத் திருப்பி, யாரோ வரப்போகிற மாதிரி பார்க்கிறாள்.

நாராயணசாமி கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பாவம், அந்தப் புள்ளய தேடுது." நான் கயிற்றை இழுப்பதை விட்டேன். வாயில்லாத ஜீவன். ரமீஜா இந்த வழியாகத்தான் தினமும் அவளை ஓட்டிவந்தாள். நினைப்பு இருக்காதா?

3-7-2007, செவ்வாய்

கண்ணேறுதான் என்கிறான் கிருஷ்ணசாமி. ரிசார்ட்காரர் பல்லைப் பார்த்ததிலிருந்துதானாம். உப்பும் மிளகாயும் சுற்றி லாயத்து வாசலிலேயே நெருப்பில் போட்டேன். நெடியில் நான்கு குதிரைகளும் தும்மின, நான் தும்மினேன், கிருஷ்ணசாமி தும்மிக்கொண்டே தெருவரைக்கும் ஓடினான். இவர் ஜன்னலைச் சாத்தினார்.

4-7-2007, புதன்

டீக்கடை எதிரே நின்றாள். நன்றாகவே நின்றாள்.

5-7-2007, வியாழன்

ரமீஜாவுக்குப் போன் செய்தேன். மாஹேயில் ஓயாத மழையாம். துணி காயவில்லையாம். பக்கத்து வீட்டம்மாவிடம் மலையாளம் கற்றுக்கொள்கிறாளாம். மாதாம் உன்னைத் தேடி ஏங்குகிறாள், டீக்கடையண்டை நின்று வழி பார்க்கிறாள் என்று சொல்லும்போதே எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்தேன்.

அப்புறம் மெல்லச் சொன்னாள். "அக்கா, நீங்க கீழ நின்னு இழுத்தா அவ நிப்பா. மேல ஏறி உக்காந்து ஒரு நாள் வந்து பாருங்க. நடப்பா. எம்மேல ஆணையா நடப்பா."

"உன்னாலதான்டி இவ்வளவும்" என்று போனை வைத்தேன்.

8-7-2007, ஞாயிறு

இன்னும் ஒரு வாரம். இவர் ஒன்றும் கேட்பதில்லை. லாரி வந்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மாதாமைத் தேய்த்துவிட்டேன். இந்த வாசனை இல்லாமல் எனக்கு வீடு எப்படி வீடாக இருக்கும்?

10-7-2007, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைதான். இருக்கட்டும்.

கால்சட்டை கச்சிதம். கிருஷ்ணசாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். விழப்போவது நானா அவனா என்று கேட்டுவிட்டு, முருகா என்று ஒரே எம்பு. ஏறிவிட்டேன். கடிவாளத்தோடு பிடரிமயிரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மாதாம் தலையைத் திருப்பி, 'இவ்வளவுதானா?' என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நடந்தாள்.

சாலையைக் கடக்கும்போது பஸ் ஹாரன் அடித்தது. செத்தேன் என்று நினைத்தேன். அவள் காதைக்கூட ஆட்டவில்லை. கடற்கரைக்குப் போனோம். தண்ணீர் அவள் வயிறு வரைக்கும் வந்தது, என் கால்சட்டை நனைந்தது. கடலை அந்த உயரத்திலிருந்து பார்த்து எவ்வளவு நாளாயிற்று! எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கவேண்டும் போலிருந்தது. சிரித்தேன்.

திரும்பும்போது டீக்கடை எதிரே நின்றுவிட்டாள்.

நடப்பாள் என்று சத்தியம் பண்ணினாளே பாவி என்று ரமீஜாவை வைதுகொண்டிருக்கிறேன், நாராயணசாமி கடைக்குள்ளிருந்து வருகிறார். ஒரு கையில் டீ கிளாஸ், ஒரு கையில் தட்டு. தட்டில் இரண்டு பன். டீயை என்னிடம் நீட்டினார். பன்னை டீயில் நனைத்து மாதாமிடம் நீட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டும் காலி. மாதாம் உதட்டை நக்கிக்கொண்டாள்.

பலகை எழுதி மாட்டியவள் நான்!

"ரெண்டு வருசமா தெனம் இதான்மா" என்றார் அவர். இத்தனை நாள் நான் இழுத்துக்கொண்டு நின்றபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தட்டைத் துண்டில் துடைத்தார்.

"ஊருக்குப் போறதுக்கு முந்தி ரமீஜா வந்து சொல்லிட்டுப் போச்சு. அக்கா நடந்து வந்தா பன் குடுக்காதீங்க, ஏறி வந்தா குடுங்கன்னு. எனக்கே மனசு கேக்கல. நீ மொளகா சுத்தனன்னு கேள்விப்பட்ட அன்னிக்கு சொல்லிரலாம்னு பாத்தேன். அந்தப் புள்ளைக்கு வாக்கு குடுத்துட்டேனே."

அன்றைக்குப் போனில் அழவில்லை அவள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

குதிரை மேலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு டீயைக் குடித்தேன். மாதாம் தானாகவே வீட்டுக்கு நடந்தாள், மெதுவாக.

15-7-2007, ஞாயிறு

நேற்றும் இன்றும் வகுப்பு நடந்தது. முன்னால் நானும் மாதாமும், பின்னால் மூன்று குதிரைகளில் மாறி மாறிக் குழந்தைகள். இரண்டு முறை தவிர எங்கேயும் நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஒன்று பஸ், ஒன்று நாய்.

ரிசார்ட்காரருக்குப் புதன்கிழமையே இவர் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். என்னிடம் இன்றைக்குத்தான் சொல்கிறார். செவ்வாய்க்கிழமை நான் ஏறிப் போனதை வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தாராம். பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு முதல் தடவையாகத் தாமதமாம்.

21-7-2007, சனி

பலகையை இறக்கிவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதி மாட்டினேன்: 'மாதாமுக்கு மட்டும், நாராயணசாமி கடை பன்.' குழந்தைகள் கை தட்டினார்கள். பிஸ்கட்டுக்கும் சேர்த்து எழுதச் சொல்லி ஒருத்தி சண்டை. பார்க்கலாம் என்றேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மாஹே பஸ் கண்டக்டரைப் பிடித்தேன். நாராயணசாமி கடை பன் ஒரு பொட்டலம், முல்லா வீதியில் இருக்கும் ரமீஜாவின் அம்மா கொடுத்த ஊறுகாய் ஒரு பாட்டில். ரமீஜா என்று ஒருத்தி வந்து வாங்கிக்கொள்வாள் என்றேன். அடையாளம் கேட்டார். ரொம்பச் சிரிப்பாள், அதுதான் அடையாளம் என்றேன்.

கொள்ளு ஊறப்போட்டாச்சு.