பின் இருக்கை உள்ள பிக்அப்

மொன்றியல்
08.12.2004

அன்புள்ள சுதாஜினிக்கு,

மகள் துவாரகாவின் இருமல் சுகமா? நீர் நேரத்துக்குச் சாப்பிடுகிறீரா? நான் நல்ல சுகம்.

போன மாதம் மான் வேட்டைக்குப் போன இடத்தில், நான் வேலை செய்யும் பண்ணையின் பழைய டீசல் பிக்அப் வண்டி குளிரில் நின்றுவிட்டது. நானும் முதலாளி மார்செலும் பனிக்குள் நடந்தே வந்தோம். ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம்.

நேற்றுப் புதிது வாங்க என்னையும் கூட்டிப்போனார். மாடு ஏற்றிய ட்ரெய்லரை இழுக்க டீசல்தான் நல்லது என்றான் கடைக்காரன்.

“பெரிய பெற்றோல் எஞ்சினும் இழுக்கும். குளிரிலை உடனை ஸ்டார்ட் ஆகும்” என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். மார்செல் அதையே எடுத்தார்.

பின் இருக்கை வேண்டுமா என்று கடைக்காரன் கேட்டான். மார்செல் தனி ஆள். வேண்டாம் என்பார் என நினைத்தேன். அவர் என்னைக் காட்டி, “இவன்ரை மனிசியும் பிள்ளையும் வந்து இறங்கினால் எங்கை இருக்கிறது?” என்றார். நான் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

விசாக் கடிதம் ஏதும் வந்ததா? மகளின் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு கீறி அனுப்பும். பனிச் சப்பாத்து வாங்க வேண்டும். உம்முடைய பாதத்தையும் கீறும். நாலு வருஷத்தில் அந்த அளவு எனக்கு மறந்துபோனது.

பண்ணைக்குப் போகும் பஸ் வருகிறது, நிறுத்துகிறேன்.

உமது
தவநேசன்