முப்பத்தொன்றாம் தீர்மானம்

என் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னதும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, அங்கே குளிர் கொஞ்சமாவது குறைந்ததா என்று முதலில் எழுது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பைப் பொறுத்தவரை நன்றாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்குப் படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலி, எனக்கு ரத்த அழுத்தம் போன வாரம் வரை ஒழுங்காக இருந்தது. மனசைக் கேட்டால்தான் சொல்வதற்கில்லை. போனில் சொல்லலாம் என்று நாலு தடவை எடுத்து எடுத்து வைத்தேன், நீ நடுவில் குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை முட்டும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தையாக இருந்தபோது பகலெல்லாம் நீ வளர்ந்த நகராட்சிக் காப்பகத்தை மூடப் போகிறார்கள். மூடலாம் என்று மேசையைத் தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

நம்ப முடியவில்லை அல்லவா, எனக்கும் முடியவில்லை. போன வாரம் செய்தித்தாளில் வந்த என் படத்தை அனுப்பியிருந்தேனே, தண்ணீர்க் கட்டண உயர்வைத் தடுத்த பெண் உறுப்பினர் என்று, அந்தக் கூட்டத்தில்தான் எல்லாம் நடந்தது. நான் கவுன்சிலராகி எட்டு மாதம் ஆகிறது, ஆனாலும் அந்தக் கட்டண உயர்வுக்குத்தான் முதல் முறையாக முழுசாகத் தயாரானேன். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு தலையணை மாதிரி ஒரு கோப்பு வந்தது, நாற்பத்தாறு தீர்மானங்கள். அதில் பதினெட்டாவது தண்ணீர்க் கட்டணம். அந்த ஆறு பக்கத்தையும் பென்சிலால் கோடு போட்டுக் கோடு போட்டுப் படித்தேன், அப்பாவை நகர்மன்றத் தலைவராக உட்காரவைத்துச் சமையலறையிலேயே பேசிப் பார்த்தேன், அவர் வேண்டுமென்றே கொட்டாவி விட்டார். மீதிப் பக்கங்களைப் புரட்டக்கூட இல்லை. நாற்பது வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுத்தவள் நான், அளவு எடுக்காமல் ஒரு துணியிலும் கத்தரி வைத்ததில்லை என்று பெருமை பேசுவேனே, அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது.

கூட்டத்தில் பேசினேன் வாலு, பிய்த்து உதறினேன். வாரத்துக்கு நாலு நாள் வரும் தண்ணீருக்கு ஏழு நாள் கட்டணமா என்று கேட்டதும் பின்வரிசையில் சிரிப்பு. பெரிய சண்டையாகும் என்று இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றால், தலைவர் சட்டென்று அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு, உயர்வ நிறுத்தி வச்சிடலாம் என்று முடித்துவிட்டார். அவ்வளவு சுலபமாக ஒருவர் விட்டுக்கொடுத்தால் ஏன் என்று கேட்க வேண்டாமா, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, தலைகால் புரியவில்லை. எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குச் சொல்லியிருக்க மாட்டேன். தேநீர் வண்டியின் சக்கரம் தாழ்வாரத்தில் கிறீச்சிடும் சத்தம் கேட்டால் போதும், தலைவர் மீதி எல்லாம் மொத்தமா என்பார், நாங்கள் எல்லோரும் மேசையைத் தட்டுவோம், தீர்மானங்கள் நிறைவேறிவிடும், கோப்பைகள் வந்துவிடும். அன்றைக்கும் சக்கரம் கிறீச்சிட்டது, அவரும் சொன்னார், நாங்களும் தட்டினோம். சந்தோஷத்தில் நான் இரண்டு கையாலும் தட்டினேன். அந்தத் தேநீரைப் போல ருசியாக ஒன்றை நான் குடித்ததே இல்லை என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன் பார்.

திங்கட்கிழமை காலை நம் விசில் வந்தாள். காப்பகத்து ஆயா, நீ தூங்க மறுத்து அடம் பிடிக்கும்போதெல்லாம் விசில் ஊதி உன்னைச் சிரிக்கவைப்பாளே, அவளேதான், இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. தண்ணீர் விஷயத்துக்குப் பாராட்டிவிட்டு முந்தானையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். மாதக் கடைசிக்குள் காப்பகத்தின் இரண்டு அறைகளையும் காலி செய்ய வேண்டும், சந்தைக் கடைகளுக்குச் சரக்கு வைக்க வாடகைக்கு விடப்படும், தீர்மானம் முப்பத்தொன்று, முன்மொழிந்தவர் தலைவர், வழிமொழிந்தவர் என்று போட்டு என் பெயர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் என்ன சொன்னாள் தெரியுமா, யாரோ தப்பா உங்க பேர எழுதிட்டாங்கம்மா, நீங்க போய் ஒரு வார்த்த சொன்னா சரியாயிடும் என்றாள். அப்படி ஒரு நம்பிக்கை. நான் ஆமாம், பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த இரண்டு வார்த்தைதான் என்னை இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறது.

நகராட்சி அலுவலகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை, வலது காலுக்கு ஒரு செருப்பும் இடது காலுக்கு வேறொரு செருப்பும் போட்டிருந்தேன் என்று அங்கே போய்த்தான் பார்த்தேன். கூட்டப் பதிவேட்டை எழுதுகிறவரிடம் என் பெயர் எப்படி வந்தது என்று கத்தினேன். அவர் நிதானமாக, மொத்தமா தட்டுறப்ப கடைசியா யார் பேசினாங்களோ அவங்கதான் வழிமொழிஞ்சவங்க, எப்பவும் அப்படித்தாம்மா எழுதறது, உங்க கையெழுத்தும் இருக்கு பாருங்க என்று திருப்பிக் காட்டினார். இருந்தது. தேநீர் குடித்துக்கொண்டே போட்டது. குறைந்த பயன்பாட்டுச் சொத்துகளை மாற்றியமைத்தல், விவரம் இணைப்பில் என்று எழுதியிருந்தது. இணைப்பைப் புரட்டினால் காப்பகம். இருபத்தேழு பிள்ளைகள் தூங்குகிற இடத்துக்குப் பெயர் குறைந்த பயன்பாடு! முழங்கால் உயரத்தில் வரிசையாகக் குழாய் இருக்குமே, நீ ஒன்றில் வாய் வைத்துக் குடித்துவிட்டு மாட்டிக்கொண்டாயே, அந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்று வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

தலைவரிடம் போனேன். கோபமே இல்லை அவருக்கு. தண்ணியில நின்னுபோன வருமானத்த வேற எங்கதான் எடுக்கறது, ரெண்டும் வேணும்னா எப்படிம்மா என்று கேட்டார். நிறைவேறிய தீர்மானத்தைப் பதினைந்து நாளுக்குள் மறுபடி எடுக்கலாமாம், ஆனால் முன்மொழிந்தவரோ வழிமொழிந்தவரோ எழுதிக் கேட்க வேண்டும். அவர் கேட்கப் போவதில்லை. மிச்சம் யார் என்று பார்த்துக்கொள். கேட்டால், படிக்காமல் தட்டினேன் என்று மன்றத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும், நிறுத்திய தண்ணீர்க் கட்டண உயர்வும் பாதியாவது திரும்பி வரும். என்னைப் பார்த்துக் கைதட்டிய அதே தெருவில் வீடு வீடாக ஏறி, நான் ஜெயித்ததைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். எட்டு மாதமாக என்னை மாண்புமிகு மாண்புமிகு என்று சீண்டுகிறவர் அன்றைக்கு ஒரு கிண்டல் பண்ணவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. தண்ணிக்குக் கூடக் கொஞ்சம் குடுத்துக்கலாம், நாளைக்கு அந்த விசில் முகத்துல எப்படி முழிக்கறது என்றார். நேற்றுக் காலை நான் போய் விழித்தேன். தப்பாக எழுதவில்லை, நான்தான், படிக்காமல் தட்டிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அப்போது ஒரு குழந்தை அழுதது, அதைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள், வெகுநேரம் வெளியே வரவில்லை. அந்தக் குழந்தை என் தோளிலேயே தூங்கிவிட்டது. சந்தையில் கீரை விற்கிறவளின் பிள்ளையாம், மூடிவிட்டால் கூடைக்குப் பக்கத்தில்தான் போட வேண்டும். நீ அங்கே சின்னதைப் பகலில் விட்டுப்போக ஓர் இடம் கிடைக்காமல் மூன்று மாதம் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தாயே, ஒவ்வொரு போனிலும் அழுதாயே, அதெல்லாம் தோளில் இருந்த அந்தச் சூட்டோடு நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து நேரே போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை எடுக்கிறார்கள். இருபத்தொரு பேரில் பதினொரு பேர் வேண்டும், இதுவரை என்னையும் சேர்த்து ஏழு. தெருவில் பதினாறு வீடு ஏறிவிட்டேன், நீ இட்லிக் குண்டான் என்று பெயர் வைத்த எதிர்வீட்டுக்காரன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான், மாடிவீட்டு டீச்சர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள், இதுக்கும் சேத்துக் கட்டணம் போடுவீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை தோற்றாலும் தோற்கலாம். தேநீர் வண்டி வந்தால் வாசலிலேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகச் சொன்னாயே, கழற்றி வைத்துவிடு. சின்னதுக்குக் காது மூடுகிற தொப்பி போடாமல் வெளியே கூட்டிப் போகாதே. புது வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போவதாக மாப்பிள்ளை சொன்னார், இருவரும் உட்கார்ந்து கடைசித் தாள் வரை படியுங்கள், இணைப்பு என்று ஏதாவது இருந்தால் அதை முதலில் படியுங்கள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள், அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும்,

உன் அம்மா