அப்பாவை அடையாளம் தெரியாத ஊர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம், மனதளவில் அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மருமகளும் குழந்தையும் சளி, இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் ஒருவழியாகப் பழைய ஊருக்குப் போய் வந்தோம். உன் தங்கை வண்டி ஓட்டினாள், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார், அதனால் இரண்டு முறை வழி தவறினோம். அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாததா, இந்த நகரத்துக்கு வந்த பத்தொன்பது வருடமும் இங்கே காற்று சரியில்லை, மனிதர்கள் சரியில்லை, அந்த ஊர் மாதிரி வருமா என்று ஒரே பாட்டு. ஓய்வு பெற்றதும் இந்த ஃபிளாட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விடுவது என்று முடிவு கட்டி, புரோக்கரிடமும் சொல்லிவிட்டார். என்னிடம் சொன்னது அதற்கு அப்புறம். எனக்குத் துளியும் இஷ்டமில்லை, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பதினோரு வருடம் அங்கே தெருத் தெருவாகச் சைக்கிளில் போய் வால்வைத் திறந்து தண்ணீர் விட்டவர் அல்லவா, இறங்கியதும் ஊரே திரண்டு வரும் என்று புதுச் சட்டை, செருப்புக்குப் பாலிஷ் வேறு. முதலில் மருந்துக்கடைக்காரரிடம் போய் "என்னைத் தெரியுதா?" என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு "சீட்டு கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார். பேக்கரி, தபால் ஆபீஸ், எல்லா இடத்திலும் இதே கதை. தண்ணீர்த் தொட்டிக்கே போனோம், வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று காவலாளி கேட்டைச் சாத்தினார். கடைசியில் வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் உற்றுப் பார்த்து "நீங்க தண்ணிக்காரர்தானே?" என்றாரே பார்க்கலாம், அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க சந்துக்கு மட்டும் பத்தே நிமிஷத்துல நிறுத்திட்டுப் போவீங்களே, மறக்க முடியுமா?" என்று அவர் முடித்தார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது எதிர்ச்சாரியில் ஒரு தையல் கடை வாசலில், கழுத்தில் டேப்போடு ஒருத்தி "ஏய் வாயாடி!" என்று கத்தினாள். திரும்பினால் நம் பழைய பக்கத்து வீட்டுக்காரி, உனக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பாளே, அவள்தான். பெரியவனே, இங்கே நான் மூன்றாம் மாடி அம்மா, லிஃப்டில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். என்னை அப்படிக் கூப்பிட ஒரு ஆள் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. "எங்கடி போய்த் தொலைஞ்ச இத்தனை வருஷமா?" என்று பிடித்த கையை அவள் விடவே இல்லை. துணிக் குவியலைத் தள்ளிவிட்டு உட்கார வைத்தாள், மூன்று மணி நேரம் பேசினோம். நான் அழுதேன் என்று உன் தங்கை சொல்லுவாள், நம்பாதே, கொஞ்சம்தான்.

திரும்பும் வழியில் அப்பா "ஊரு கெட்டுப்போச்சு, ஃபிளாட்டை விக்க வேண்டாம்" என்று அறிவித்தார். அப்போதுதான் வாயைத் திறந்து, நான் அங்கே போகப் போகிறேன் என்றேன். மாப்பிள்ளை அதற்குப் பிறகு வழியே சொல்லவில்லை. ஒன்றாம் தேதி கிளம்பி அவள் வீட்டு மாடி அறையில் ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன், கடையில் காஜா எடுக்க, பட்டன் தைக்க அவளுக்கும் ஆள் இல்லையாம். நீங்களும் வாங்களேன் என்று அப்பாவைக் கேட்டேன். "அங்க என்னை யாருக்குத் தெரியும்?" என்றார். கேலி நாக்கு நுனி வரை வந்தது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, விழுங்கிவிட்டேன். விடியுமுன் எழுந்து எழுந்து போன மனிதர். தண்ணீர் வராத நாளைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கும் போலிருக்கிறது. முறுக்கிக்கொண்டாலும் வந்துவிடுவார், சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாதவர் தனியாக என்ன செய்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே, மருமகளிடம் எதிர்த்துப் பேசாதே. மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. இதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம், அப்பாவுக்கு எழுது, பின்பக்கம் குறித்திருக்கும் அந்தத் தையல் கடை முகவரிக்கு எழுது. உறையின் மேல் அவர் பெயரை முழுதாக, பெரிய எழுத்தில் எழுது. அந்த ஊர்த் தபால்காரர் வாசலில் நின்று அதைச் சத்தமாகப் படித்துக் கூப்பிட வேண்டும்.

ஆசிகளுடன்,
அம்மா